முதலாண்டுப் பிள்ளைக்கு பைக் வாங்கித் தரப்போகும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சிதம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகரில், ஜெராக்ஸும் ஸ்பைரல் பைண்டிங்கும் போடுகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை நேரத்தில் உங்களைப் பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி நிற்பீர்கள். நகல் வெளியே வருகிற அந்த இடைவெளியில் பிள்ளை மெதுவாக ஆரம்பிக்கும். "அப்பா, இங்க வண்டி இல்லாம முடியாதுப்பா. எல்லாரும் வச்சிருக்காங்க." நீங்கள் என் பக்கம் திரும்பி, "என்னங்க, அப்படியா?" என்று கேட்பீர்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது அதற்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி இல்லாமல் முடியும். முதல் ஆண்டு மட்டுமாவது வாங்கித் தராதீர்கள். பஸ்ஸில் போகட்டும்.

நானும் இங்கேதான் படித்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து 2006இல் எம்.ஏ. வரலாறு படிக்க வந்தேன். நான் வந்த சில மாதங்களில் மீட்டர்கேஜ் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள், அகலப்பாதை போடுவதற்காக. மறுபடி இந்தத் தடத்தில் ரயில் ஓடியது 2010இல்தான். என் படிப்புக் காலம் முழுக்க, எங்கே போனாலும் பஸ்தான். அன்று அதைக் குறையாக நினைத்தேன். இன்றைக்கு எனக்குத் தெரிந்த கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கங்கள் எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டவைதான்.

என் அறையில் இருந்த நண்பனிடம் மட்டும் வண்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும்போது, சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டான். உயிர் பிழைத்தான். இடது கால் இன்றும் சரியாக மடங்காது. அவன் வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. இருட்டு, தூக்கம், மறுநாள் காலை எட்டரை மணி வகுப்புக்குத் திரும்பியாக வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "நான்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தையை இன்னொரு தகப்பன் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாண்டு சேருகிற பிள்ளைகளில் பலருக்குப் பதினேழு வயதுதான். கியர் வண்டி ஓட்ட உரிமம் வாங்கப் பதினெட்டு ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பதினெட்டு ஆகாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் அதற்குப் பொறுப்பு பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடையாது. வண்டிக் கடையில் யாரும் இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் போவதில்லை.

சரி, பஸ்ஸில் எங்கே எப்படிப் போவது? பிள்ளை கேட்கும். நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன்.

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து மூன்று திசையாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே கடலூர், பாண்டிச்சேரி. "கடலூர், பாண்டி, பாண்டி!" என்ற குரல் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அரசு வண்டி, தனியார் வண்டி இரண்டும் உண்டு. பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வேதியியல் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிற சிப்காட் தொழிற்பேட்டை இந்த வழியில்தான், கடலூருக்குக் கொஞ்சம் முன்னால். பி.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அங்கே இருக்கிறது. கடல் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு அந்த பஸ் தினசரி வாழ்க்கை. பாண்டிச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது, 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதன் நூலகமும் இருக்கின்றன. ஆய்வுக்கென்று போகிற மாணவர்கள் காலையில் ஏறினால் மாலைக்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

தெற்கே போனால் கொள்ளிடம். பாலத்தைத் தாண்டியதும் மாவட்டமே மாறிவிடும், 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டம். சீர்காழி இருபது கிலோமீட்டர்தான். பூம்புகாருக்கு அங்கே மாறிக்கொள்ளலாம். அப்படியே நேராக வைத்தீஸ்வரன்கோயில், மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம். நான் ஆய்வேட்டுக்காகத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போனதெல்லாம் இந்த வழியில்தான், கும்பகோணத்தில் வண்டி மாறி. விடியற்காலை முதல் வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் போதும். தை மாதத்தில் போனால் அறுவடை வயல், ஆடியில் போனால் வாய்க்கால் நிறையத் தண்ணீர். வேளாண்மை படிக்கிற பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது, பாடத்தில் டெல்டா என்று படிப்பதை மாதம் ஒரு முறை மயிலாடுதுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள் என்று. எந்த ஊரில் நடவு முடிந்திருக்கிறது, எங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை என்பது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் விவசாயி சொல்லித்தான் தெரியும். பைக்கில் தலைக்கவசத்துக்குள் அந்தப் பேச்சு வராது.

மேற்கே புவனகிரி, சேத்தியாத்தோப்பு, விருத்தாசலம். பொறியியல் பிள்ளைகள் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் பயிற்சிக்குப் போவது இந்தப் பக்கம். வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைக் கட்டிய வடலூரும் இந்தப் பக்கம்தான். தைப்பூசத்தன்று போகிறவர்கள் உட்கார இடம் எதிர்பார்க்க வேண்டாம். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலை வீராணம் ஏரிக்கரையை ஒட்டிப் போகும். சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி அதுதான். காட்டுமன்னார்கோயிலிலிருந்து மீன்சுருட்டி வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் ஒரு சனிக்கிழமை கட்டுச்சோற்றோடு அப்படிப் போனோம். இரண்டு இடத்தில் மாறி, ஒரு வண்டியைத் தவறவிட்டு, மீன்சுருட்டியில் முக்கால் மணி நேரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கோயிலைப் பற்றி எழுதிய தேர்வு மறந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரம் பேசியது மறக்கவில்லை. அன்றைக்குப் பேசிய எட்டுப் பேரும் இன்றும் தொடர்பில் இருக்கிறோம்.

அடுத்து மகள்களின் பெற்றோரிடம் தனியாக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வண்டியின் முகப்பிலேயே எழுதியிருக்கும், பல வண்டிகளில் இளஞ்சிவப்பும் அடித்திருக்கும். நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு தருவார், அதை இறங்கும் வரை வைத்திருக்க வேண்டும். வெளியூர் போகிற புறநகர் வண்டி, எக்ஸ்பிரஸ், பாயிண்ட் டு பாயிண்ட் இவற்றில் இது செல்லாது. புதுப் பிள்ளைகள் பல பேர் இந்த வித்தியாசம் தெரியாமல் ஏறிவிட்டு நடத்துநர் கேட்டதும் சங்கடப்படுகிறார்கள், அதனால் சொன்னேன்.

ஆனால் சலுகை பஸ்ஸில் மட்டும் இருந்தால் போதாது, வீட்டிலும் அனுமதி வேண்டும். என் கடைக்கு வருகிற பெண் பிள்ளைகளில் இரண்டு ஆண்டு இங்கேயே படித்தும் பிச்சாவரம் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். "வீட்ல விட மாட்டாங்க அண்ணா." அதே வீட்டில் அண்ணனுக்கோ தம்பிக்கோ பைக் இருக்கும். மகன் இரவு பதினொரு மணிக்குத் தனியாக நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது பயமாக இல்லை, மகள் பகல் பதினொரு மணிக்கு நாற்பது பேரோடு பஸ்ஸில் போவது பயமாக இருக்கிறது. உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. கூட்டத்தைப் பயன்படுத்திச் சீண்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்கு பஸ்ஸையே விட்டுவிடச் சொல்லாதீர்கள். சத்தமாகச் சொல்லவும், நடத்துநரைக் கூப்பிடவும், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தச் சொல்லவும் பழக்கிவிடுங்கள். இரண்டு பேராகப் போகட்டும். வெளிச்சத்தில் கிளம்பி வெளிச்சத்தில் திரும்பட்டும். அரை மணிக்கு ஒரு முறை போன் செய்து "எங்கே இருக்கிறாய்" என்று கேட்பதைவிட, ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று என்று பேசி வைத்துக்கொண்டால் அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பஸ்ஸில் எல்லாம் சுகம் என்று சொல்லி உங்களை நம்பவைக்க நான் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலையும் திங்கட்கிழமை காலையும் கூட்டம் தாங்காது. முடிந்தால் சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, ஞாயிறு மதியத்துக்கு மேல் திரும்பிவிடுவது நல்லது. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரைத் தேரோட்ட நாள்களில் நான்கு தேர் வீதிகளிலும் வண்டி போகாது, எங்கே நிற்கும் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரம் எதுவும் நம்மிடம் இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். படிக்கட்டில் தொங்கக் கூடாது. இது ஒன்றுக்கு நீங்கள் பிள்ளையிடம் சத்தியமே வாங்கலாம். பையன்கள் உள்ளே இடம் இருந்தும் படியில் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. வண்டி போனால் போகட்டும், அடுத்தது வரும். இன்னொன்று, எங்கே போய் இறங்கினாலும் முதல் வேலையாக அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் சிதம்பரத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைக்க வேண்டும். ஒருவரிடம் கேட்டால் போதாது. நேரக் காப்பாளரிடம் ஒரு முறை, பூக்கடை அம்மாவிடம் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பலாம். நான் ஒருமுறை பக்கத்து ஊர் ஒன்றில் ஒரே ஒருவர் பேச்சை நம்பி, இரவு முழுக்கக் கொசுக்கடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பேருந்து நிலையங்களுக்கு இது அவ்வளவு பிரச்சினை இல்லை. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், திருமுல்லைவாசல் போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குத்தான் அவசியம்.

பணக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வண்டியின் விலை, காப்பீடு, மாதம் பெட்ரோல். அதில் ஒரு சின்னப் பங்கை "இது பஸ்ஸுக்கு மட்டும்" என்று மாதாமாதம் தனியாக அனுப்பிப் பாருங்கள். மாணவர் சலுகை அட்டை உங்கள் பிள்ளையின் படிப்புக்கு உண்டா என்று சேர்க்கையின்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்கலாம் என்று விட்டால் பாதி ஆண்டு போய்விடும்.

இந்த ஆண்டு சேர்க்கைக்கு வரும்போது காரை வாடகைக்குப் பேசாதீர்கள். பிள்ளையோடு பஸ்ஸிலேயே வாருங்கள். படுக்கையும் பெட்டியும் பாரமாக இருந்தால் என் கடையில் வைத்துவிடலாம், சாயங்காலம் வரை நான் இருப்பேன். சான்றிதழ் வேலை முடிந்ததும் மீதிப் பகலை வீணாக்காமல், பேருந்து நிலையம் போய்க் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிற வண்டியில் மூவருமாக ஏறுங்கள். பதினைந்து கிலோமீட்டர்தான். தில்லை என்று இந்த ஊருக்குப் பெயர் வரக் காரணமான தில்லை மரம் அந்த உப்பங்கழிக் காட்டில்தான் இன்றும் நிற்கிறது. வழி கேட்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். சீட்டு எடுப்பதும், இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வதும், திரும்பி வர வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதும் அவனோ அவளோ செய்யட்டும். நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பைக் பற்றித் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அண்ணாமலைநகர் ஜெராக்ஸ் கடைக்காரர்