வாய் திறக்காத சிங்கம்: காகிதக் கைப்பொம்மைப் பெட்டி பற்றிய புகார்

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: காகித விலங்குக் கைப்பொம்மைப் பெட்டியின் வடிவமைப்புக் குறை, தவறான செய்முறைக் குறிப்பு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

கடந்த ஜூலை 27 அன்று உங்கள் இணையக் கடையில் காகித விலங்குக் கைப்பொம்மைப் பெட்டி நான்கு வாங்கினேன். பெட்டி 449 ரூபாய், மொத்தம் 1,796 ரூபாய். என் சொந்தப் பணம். ஒரு பெட்டியில் எட்டுப் பொம்மைக்கான பொருட்கள் என்று போட்டிருந்தது. என் வகுப்பில் 28 பிள்ளைகள். ஆளுக்கொன்று கொடுத்தாலும் நாலு மிஞ்சும், கிழித்துவிட்ட பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றுதான் நான்காக வாங்கினேன்.

ஒரு கண்ணோ மீசையோ குறைந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பென்சிலால் வரைந்து சமாளித்திருப்போம். ஆனால் குறை பொம்மையின் அமைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பொம்மை எதுவும் வாயைத் திறக்காது.

காகிதப் பையில் செய்கிற கைப்பொம்மை எப்படிப் பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தட்டை அடி வைத்த பையைத் தலைகீழாகப் பிடிக்கிறோம். மடிந்து படிந்திருக்கும் அடிப்பகுதிதான் தலை. பிள்ளையின் நான்கு விரல்களும் அந்த மடிப்புக்குள் போக வேண்டும். விரலை மடக்கினால் வாய் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அதனால் கண், மூக்கு, மேல் உதடு எல்லாம் மடிப்பின் மேல் ஒட்ட வேண்டியவை. கீழ்த்தாடை மடிப்புக்குக் கீழே பையின் உடம்பில் ஒட்ட வேண்டியது. நாக்கு இரண்டுக்கும் நடுவே, மடிப்பைத் தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில். பொம்மைக்கு உயிர் வருவதே அந்த ஒரு மடிப்பில்தான்.

உங்கள் பெட்டியில் சிங்கத்தின் முகம் பிடரி முதல் மோவாய் வரை ஒரே துண்டாக அச்சாகியிருக்கிறது. முயல், யானை, நரி எல்லாமே அப்படித்தான். அதை ஒட்டியதும் மடிப்பு பையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு கோடு வரைந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

சரி, நானே வெட்டிக் கொடுக்கலாம் என்று அந்தக் கோட்டின் வழியே கத்தரிக்கோலை ஓட்டினேன். அப்போதும் சரியாகவில்லை. அடிமடிப்பின் ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் விரல் முதல் கணுவோடு நின்றுவிடுகிறது. மடக்க இடமே இல்லை. முகம் அச்சடித்த தாள் பளபளப்புப் பூசியது என்பதால் பெட்டியில் இருந்த க்ளூ ஸ்டிக்கும் அதில் பிடிக்கவில்லை. காதும் கொம்பும் மதிய உணவு மணி அடிப்பதற்குள் உதிர்ந்துவிட்டன.

செய்முறைத் தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “தலையைப் பையின் மேல்பகுதியில் ஒட்டவும்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பையின் மேல்பகுதி என்றால் எது? கடையில் பொருள் போடுவதற்காகத் திறந்திருக்குமே, அந்தப் பக்கம். என் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் வாசிக்கக் கற்றுக்கொண்ட பெருமையில் தாளைத் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்து, சொன்னபடியே திறந்த வாயை முகத்தால் மூடி ஒட்டினார்கள். கையை எங்கே விடுவது என்று தெரியாமல் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. அவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள். அதை அவர்களிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. தமிழில் அச்சிடுவதற்கு முன் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இது வெறும் விளையாட்டுப் பொழுதுக்கு வாங்கியதில்லை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் கதையும் பாட்டும் பொம்மலாட்டமும் பாடம் நடத்துகிற வழியாகவே ஆகிவிட்டன. கிணற்றில் தன் நிழலைப் பார்த்துக் குதிக்கும் சிங்கத்தின் கதையை நடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். என் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். அப்பா அம்மா இருவரும் ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் ஒடியா. பள்ளியில் “ஆமா டீச்சர்”, “இல்ல டீச்சர்” இரண்டும்தான் அவளிடமிருந்து வரும். அவள் கையைத் தூக்கி, சிங்கம் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். வகுப்பில் அவள் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரம் பொறுமையாக ஒட்டினாள். கையை விட்டு அசைத்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. பொம்மையை மேசையில் குப்புற வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நான் எழுத அதுதான் காரணம்.

அன்று மாலை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் பேக்கரிக்குப் போனேன். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு அவர்கள் பன்னும் ரொட்டியும் போட்டுத் தருவது பழுப்புக் காகிதப் பையில்தான். 13 சென்டிமீட்டர் அகலம், அடிமடிப்பு 8 சென்டிமீட்டர். பளபளப்பு இல்லாத தாள் என்பதால் சாதாரண மைதாப் பசையே பிடித்துக்கொள்கிறது. நூறு பை 180 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முகத்தை இரண்டு துண்டாக வரையச் சொன்னேன். பிடரிக்குப் பழைய செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டினோம். யானைத் தும்பிக்கைக்கு விசிறி மடிப்பு. அடுத்த வாரம் கதை நடந்தது. தாமதமாக வந்த முயலைப் பார்த்து அந்தச் சிங்கம் வாயை அகலத் திறந்து, “ஏன் லேட்டா வந்த?” என்று கேட்டது. எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது, அவளுடைய சொந்த வார்த்தை.

பேக்கரிப் பையால் முடிந்தது 449 ரூபாய்ப் பெட்டியால் முடியவில்லை என்பதை உங்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்தேன். “பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது. பெரியவர்களின் மேற்பார்வையில் செய்யவும்” என்று பதில் வந்தது. பெட்டியைத் திறக்காமல் பொம்மை எப்படிச் செய்வது? மேற்பார்வைக்கு நான் அங்கேயேதான் இருந்தேன், படங்களும் இணைத்திருந்தேன். அவற்றை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இன்னொன்று. ஒட்டும் கண்கள் சுண்டினாலே கழன்று விழுகின்றன. பிள்ளைகள் பொம்மையை வீட்டுக்குக் கொண்டு போவார்கள், வீட்டில் தவழ்கிற தம்பி தங்கை இருக்கும். அந்த அளவு பிளாஸ்டிக் பொட்டு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்? 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான்கு பெட்டியிலும் தேடினேன், முத்திரை இல்லை. சிறு பாகங்கள் பற்றிய எச்சரிக்கையும் இல்லை. இதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

நான் கேட்பது இவைதான். 1,796 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியவர்களுக்குத் திருத்திய செய்முறைத் தாளை அனுப்புங்கள். முகத்தை மேல், கீழ் என்று இரண்டு துண்டாக அச்சிடுங்கள். பையைப் பெரிதாக்குங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியில் செய்த மூன்று பொம்மைகளோடு, பேக்கரிப் பையில் பிள்ளைகள் செய்த முயல் ஒன்றையும் பார்சலில் வைத்திருக்கிறேன். இதை வடிவமைத்தவரிடம் கொடுத்து, நான்கிலும் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை