தடுப்பூசி அட்டையின் பின்பக்கம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட ஊரூராக வரும் மிருக வைத்தியர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். போன முறை நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது நானும் வாசிகசாலை முன்னால் வரிசையில் நின்றேன். சங்கிலியில் சில நாய்கள், சேலைத் துண்டில் கட்டிய சில, யூரியாப் பைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள். ஊர் நாய்களும் அவற்றை வளர்ப்பவர்களும் வேறெந்த நாளிலும் இப்படி ஒரே இடத்தில் கூடுவதில்லை. ஊசி போட்டதும் ஓர் அட்டை தந்தீர்கள். எங்கள் வீட்டு அட்டையின் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நாய்க்கு எவையெவை நஞ்சு என்று அச்சிட அந்த இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

எங்களிடம் முன்பு ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. வளவில் மரவள்ளிக்கு எலி விழுந்ததால் கடையில் எலி மருந்து வாங்கினேன். பத்திரிகைத் தாளில் மடித்த சாம்பல் நிறத் தூள், பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. கருவாட்டில் தடவி வேலியோரம் வைத்தேன். ஜிம்மிதான் தின்றது. சனிக்கிழமை இரவு, ஒரு வைத்தியரும் அகப்படவில்லை. பக்கத்து வளவு மாமி உப்புத்தண்ணி பருக்கச் சொன்னார். இன்னொருவர் புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். நான் வாயைப் பிடித்தேன், அம்மா இரண்டையும் ஊற்றினார். பிறகு, நஞ்சை உறிஞ்சும் என்று பாணும் கொடுத்தோம். அதன் வாயில் உள்ளி மணத்தது. கறிச்சட்டியை நக்கியிருக்கும் என்று நினைத்தோம். விடியுமுன் செத்துப் போனது.

பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் இதைச் சொன்னேன். தூளின் நிறத்தையும் அந்த மணத்தையும் கேட்டுவிட்டு, சிங்க் பொஸ்பைட்டாக இருக்கும் என்றார். அது வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் பொஸ்பீன் வாயு வெளியாகும், உள்ளி மணம் அதனுடையது. சாப்பாடு கொடுத்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். நாங்கள் பாண் கொடுத்திருக்கிறோம், அதற்கு முன் புளியும் ஊற்றியிருக்கிறோம். நாய் வாந்தியெடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருக்கும் ஆட்களையும் தாக்கும், காற்றோட்டமான இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

அதே கடையில் மெழுகுக் கட்டியாகவும் எலி மருந்து விற்கிறார்கள். புரோமடியலோன், புரோடிபாகும் என்ற வகைகள் அவை, இரத்தம் உறையவிடாமல் செய்பவை. தின்ற அன்று நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் திரியும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்து மூக்கால், முரசால், உள்ளுக்குள் இரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுத்தால் பிழைக்கும். இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே பெயர்: எலி மருந்து. ஆகவே அட்டையில் முதல் வரியாக இதைப் போடுங்கள்: பெயர் தெரியாத மருந்தை வாங்காதே, வாங்கியதன் பெட்டியை எறியாதே, நாயோடு பெட்டியையும் கொண்டு வா.

இரண்டாவது வரி உப்புத்தண்ணிக்கு. அது நஞ்சை எடுக்காது, இரத்தத்தில் உப்பை ஏற்றி மூளையைத் தாக்கும், வலிப்பு வரும். சவர்க்காரத் தண்ணியும் தேங்காயெண்ணெயும் அப்படித்தான், மயங்கிய நாயின் சுவாசப்பைக்குள் போய்விடும். வாந்தி எடுப்பிக்க வேண்டுமா, கூடாதா என்பதை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை எங்களுக்குக் குறைந்துவிட்டது. ஓட்டோவில் ஏற்றினால் வந்துவிடலாம். மருந்து பருக்குகிறோம் என்று வீட்டில் கழிக்கும் நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

இனி அடுக்களை. நாய்க்கு ஆகாத சாப்பாடு என்று எங்கு தேடினாலும் மகடேமியா, அவகாடோ என்றுதான் தொடங்குகிறார்கள். எங்கள் நாய்கள் மகடேமியாவைக் கண்டது கிடையாது. எங்கள் பட்டியல் வேறு. கண்டோஸ், அதாவது சொக்லேட், அதிலும் இருக்கட்டும், கறுப்பானது கூடுதல் கெடுதி. அதிலுள்ள தியோபுரோமின் என்ற நஞ்சைக் கழிக்க நாயின் உடம்புக்கு நெடுநேரம் பிடிக்கும். முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதைக் காயவைத்த பிளம்ஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு என்று கணக்கே சொல்ல முடியாது, சிலதுக்குக் கொஞ்சமே போதும். பிரியாணியும் வட்டிலப்பமும் வீட்டுக்கு வீடு போகும் பெருநாள் காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் இதை முதலில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நச்சு முறிப்பு வைத்தியர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் முந்திரிகையோடு புளியையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டிலும் உள்ள டாட்டாரிக் அமிலமே காரணம் என்பது அவர்கள் கருத்து. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதை அதில் எழுதியிருக்கிறார்கள். வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்காக மீன்குழம்பு ஊற்றிய சோற்றை நாய்க்குப் போடாதே என்று மாமியிடம் சொல்லப் போனால் அவர் அட்டையை அடுப்பில் போட்டுவிடுவார். தேவையும் இல்லை. புளிப்பானையை எட்டாத இடத்தில் வைக்கவும், கரைத்துப் பருக்காமல் இருக்கவும் சொன்னால் போதும்.

வெங்காயமும் உள்ளியும் அப்படியே, அளவுதான் பேச்சு. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் போனாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கலாம். 10 கிலோ நாய்க்கு அது 150 கிராம், பெரிய வெங்காயம் ஒன்றரை. கல்யாண வீட்டில் சட்டியடியில் மிஞ்சிய வெங்காயக் கறியை அப்படியே வழித்துப் போடுகிறோமே, அதில் இதைவிடக் கூட இருக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது. சில நாள் கழித்துத்தான் முரசு வெளுத்து, சலம் தேநீர் நிறத்தில் போகும். அப்போது யாருக்கு அந்தக் கல்யாண வீடு ஞாபகம் வரும்?

பனடோலைத் தனி வரியில் போடுங்கள். காய்ச்சல் என்று நாய்க்குக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். அது ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரே குளிசை உயிரை எடுக்கும். கோயிலுக்குப் பூ எடுக்க வைத்திருக்கும் மஞ்சள் அலரியின் காய், வயலுக்கு அடித்து மிஞ்சிய கிருமிநாசினிப் போத்தல் இரண்டுக்கும் ஆளுக்கொரு வரி. கல்லடி, நாவலடிக்குப் போகும் அட்டைகளில் மட்டும் இன்னொன்று: கரைவலையில் கழித்து எறியும் பேத்தை மீன். அந்த மீனில் மனிதருக்கு எது நஞ்சோ அதுதான் நாய்க்கும், ஆனால் அதைப் புதைக்காமல் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

இடம் போதாவிட்டால் அலரியை விடுங்கள், கண்டோஸையும் விடுங்கள். எலி மருந்து, உப்புத்தண்ணி, பனடோல் மூன்றையும் விடாதீர்கள். அடியில் அலுவலகத் தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மாமி கண்ணாடி போட்டும் முன்பக்கத்தில் வாசிக்க முடிந்தது நாயின் பெயரை மட்டும்தான், அதையும் நீங்கள் கையால் எழுதியிருந்தபடியால்.

இப்படிக்கு,
ஜிம்மியை வளர்த்தவன்