பாடகர் சங்கம்: 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, அன்பான அங்கத்தினர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள், மூவரும் சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல். ஆண்களின் மேல்குரலான டெனரில் இருந்த இருவரில் ஒருவர் மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு நம்மைப் பிடித்து ஆட்டியது ஒரே வேலைதான்: பழைய கிறிஸ்துமஸ் பாமாலைகளைப் புதிய பார்ட்ஸ் (ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி வரி) போட்டுப் பாடிப் பதிவு செய்வது.

பாடுவதற்கு முன் மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்போம் என்றார் பயிற்சியாளர். மார்ச் முதல் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து கேட்டோம். முதலில் போட்டது நூறு வருடத்துப் பதிவு. நாம் ‘பக்தரே வாரும்’ என்று பாடுவதன் லத்தீன் மூலத்தை, 1925 மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் 850 ஆண்கள் சேர்ந்து பாடியது. அதுவரை ஒலியை வாங்கும் புனல் போன்ற குழாய்க்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்று பாடினால்தான் இசைத்தட்டில் குரல் ஏறும். மைக் வந்த புதிதில் கொலம்பியா கம்பெனி இப்படி ஒரு பெருங்கூட்டத்தையே பதிந்து காட்டியது. கேட்க வந்திருந்தவர்களும் சேர்ந்து பாடியதால் 4,850 குரல்கள் என்று விளம்பரம் வேறு. எண்ணிப் பார்த்தது யாரோ! ஒரே கரகரப்பு. ஆனாலும் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடும் நம் அண்ணன்மார் தங்களை அறியாமல் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆராதனை 1918இல் தொடங்கியது, 1928இல் வானொலிக்கு வந்தது. அந்தக் குழுவுக்கு 1957 முதல் 1974 வரை பொறுப்பாக இருந்த டேவிட் வில்காக்ஸ் செய்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டோம். கடைசிச் சரணத்தில் சபையார் பழைய ராகத்தை அப்படியே பாடுகிறார்கள். அடியில் ஆர்கன் மட்டும் சுரக்கட்டுகளை மாற்றிக்கொண்டே போகிறது, மேலே டெஸ்கண்ட், அதாவது ராகத்துக்கு மேலே சோப்ரானோ பாடும் தனி வரி, பறக்கிறது. பாடுகிறவனுக்குத் தன் பாட்டுதான், ஆனால் கூரை உயர்ந்தது போல இருக்கிறது.

அமெரிக்காவின் ராபர்ட் ஷா 1963இல் ஆர்கெஸ்ட்ராவோடு வெளியிட்ட தொகுப்பையும் கேட்டோம். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு இழைந்து போகும் வேலைப்பாடு பலருக்குப் பிடித்தது. எனக்கு, பாட்டை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு திருப்பித் தராதது போல இருந்தது. இது என் சொந்தக் கருத்து என்று குறிக்கச் சொன்னார்கள், குறித்துவிட்டேன்.

சரி, நம் பதிவு. வில்காக்ஸின் டெஸ்கண்டையே பாடிவிடலாம் என்றுதான் இருந்தோம். ராகம் பழையது, யாரும் பாடலாம். ஆனால் அந்த இசை அமைப்பு அவருடையது. அவர் இறந்தது 2015இல். நம் நாட்டுச் சட்டப்படி அதன்பின் 60 ஆண்டுகள், அதாவது 2075 முடியும்வரை, அனுமதி வாங்காமல் பதிந்து வெளியிட முடியாது. “நம்ம ஊர்ல யாரு கேக்கப் போறா?” என்று ஒருவர் சொன்னதைச் செயற்குழு ஏற்கவில்லை. பயிற்சியாளர் தாமே எழுத உட்கார்ந்தார்.

‘ராக்காலம்’ பாட்டில் இரண்டாம் சரணத்தின் ராகத்தை டெனருக்குக் கொடுத்திருந்தார். இருக்கிற ஒரே டெனர் மூச்சைப் பிடித்துப் பாடியும் காதில் விழவில்லை. ராகம் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவுக்குப் போனது. மூன்றாம் சரணத்தில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. இதற்காக ஜூலையில் இரண்டு பயிற்சிகள் சண்டையிலேயே கழிந்தன. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கடைசிச் சரணத்தில் ராகம் சபையாரிடம் திரும்ப வரவேண்டும். அதற்காகவே சபையாரில் விருப்பமுள்ளவர்களையும் பதிவுக்கு அழைத்தோம்.

பதிவு அக்டோபரில் நம் ஆலயத்திலேயே, போக்குவரத்து அடங்கிய பிறகு இரவில் நடந்தது. மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறிகளை நிறுத்தியதும் அனைவரும் வேர்த்து ஊற்றினோம். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘ராக்காலம்’ நடுவில் பன்னிரண்டு அடித்தது, அதுவும் நம் சுருதியில் சேராமல். நன்றாக வந்த டேக் அது ஒன்றுதான், அப்படியே விட்டுவிட்டோம்.

மிக்ஸிங்கிற்குக் கொடுத்த இடத்தில் கேட்காமலே எல்லாக் குரலையும் ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் இழைத்து அனுப்பினார்கள். ஆல்டோ அக்காமாருக்குத் தங்கள் குரலே அடையாளம் தெரியவில்லை. திருப்பி அனுப்பி, பழையபடி வாங்க மூன்று வாரம் போனது. அதனால்தான் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கும்வரை பதிவு உங்கள் கைக்கு வரவில்லை. தாமதத்துக்குச் செயலாளர் என்ற முறையில் வருந்துகிறேன்.

அப்புறம், பார்ட்ஸ் தாள்களில் பதினொன்று இன்னும் திரும்பவில்லை. வீட்டில் வைத்திருப்பவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் தரவும். உறவிலோ பக்கத்து வீட்டிலோ டெனர் பாடக்கூடியவர் யாராவது இருந்தால், அவரையும் கூடவே அழைத்து வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்