மின்மாற்றி எண்ணெயில் இரும்புத் துகள்

ஆசிரியருக்கு,

போன பங்குனியில் எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த மின்மாற்றி வெடித்தது. நல்ல உச்சி வெயில். கம்பத்தின் அடியில் ஒழுகிய எண்ணெயில் செம்புழுதி ஒட்டிக் கட்டிபட்டுக் கிடந்தது. ஐந்து நாள் பம்பி ஓடவில்லை. கச்சான் செடிகள் கண்முன்னே வாடின.

அந்த எண்ணெய்க்கு இரண்டு வேலை: மின்சாரம் பாயாமல் காப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது. வன்னி வெயிலில் இரண்டாவதுதான் பெரும்பாடு. அதில் மக்னடைட் எனும் இரும்பு ஒட்சைட்டைச் சுமார் 10 நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்கு) துகள்களாகக் கலந்து பார்த்திருக்கிறார்கள். இரும்பைப் போட்டால் காப்பு கெடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 1998இல் வெளிவந்த சோதனையில், மின்னல் தாக்கினாற்போல் வரும் திடீர் மின்னழுத்தத்தை அந்த எண்ணெய் சாதாரண எண்ணெயைவிட நன்றாகத் தாங்கியது. எண்ணெயைக் கிழித்து ஓடும் இலத்திரன்களைத் துகள்கள் பிடித்துக்கொள்வதால் மின்பொறியின் வேகம் தளர்கிறது என்பது பிறகு வந்த விளக்கம். அப்புறம், சூடேறிய திரவத்தின் காந்தத்தன்மை குறையும். குளிர்ந்த திரவத்தை மின்மாற்றிக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலம் இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவரும். பம்பி இல்லாமலே எண்ணெய் சுற்றும்.

துகள்கள் நாளடைவில் திரண்டு படியக்கூடும், அளவு மிஞ்சினால் காப்பும் குறையும். சரி, அதையும் இங்கேயே பார்த்துவிடலாமே. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. மின்துறையினர் பழைய மின்மாற்றி ஒன்றை அவர்களிடம் கொடுத்து, சித்திரை வெயிலிலும் ஐப்பசி இடிமழையிலும் இந்த எண்ணெயைச் சோதிக்க வழிசெய்ய வேண்டும்.

வாசகர்,
பரந்தன்.