அன்று சொல்லாமல் விட்ட பாதி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. தைலம் தேய்த்தால் மூன்று நாள் தாங்குகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. வேலையில் ஆட்குறைப்பு, பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "அம்மாவிடம் பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

புதன்கிழமை பரணை ஒதுக்கினோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் உன் பழைய ஷட்டில் ராக்கெட் கிடந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த பட்டை பிசுபிசுத்து என் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நரம்பு இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. சட்டம் மட்டும் இம்மியளவும் கோணவில்லை. அம்மாவின் சீட்டுப் பணத்தில் நீ அடம்பிடித்து வாங்கியது. "சீனாச் சரக்கு எத்தனை நாளைக்கு உழைக்கும்?" என்று கடையிலேயே முகத்தைச் சுளித்தேன். பத்து வருஷம் தாண்டிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், ராக்கெட்டில் எழுதியிருந்த பெயரைக் காட்டி, "லி நிங் என்றால் என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டாய். அது ஓர் ஆளின் பெயர், ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் என்றேன். ராக்கெட்டில் இருக்கும் வளைந்த சின்னம்கூட பாமல் ஹார்ஸில், அதாவது இரண்டு கைப்பிடி வைத்த குதிரைக் கருவியில், அவர் காலை வீசும் முறையை வைத்து வரைந்ததுதான். உன் கண் விரிந்தது. ஒரு டிரில் மாஸ்டருக்கு அது போதாதா! பதக்கக் கணக்கை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ மறந்திருப்பாய் என்பதால் முன்கதை கொஞ்சம்.

சீனாவின் தெற்கில் குவாங்சி. அங்கே சுவாங் என்ற சிறுபான்மை இனத்தில் 1963இல் பிறந்தவர் லி நிங். 1980இல் தேசிய அணிக்கு வந்தார். 1982இல் சாக்ரெப் நகரில் நடந்த உலகக் கோப்பையில் இருந்த ஏழு தங்கத்தில் ஆறைத் தனி ஆளாக அள்ளிக்கொண்டு போனார். அப்போது 19 வயது. 'ஜிம்னாஸ்டிக்ஸ் இளவரசன்' என்ற பட்டம் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தரைப் பயிற்சி, பாமல் ஹார்ஸ், வளையம் மூன்றிலும் தங்கம். கூடவே வெள்ளி இரண்டு, வெண்கலம் ஒன்று. எந்த விளையாட்டை எடுத்துக்கொண்டாலும் அந்த ஒலிம்பிக்கில் அவரைவிட அதிகப் பதக்கம் வாங்கியவர் இல்லை. பாமல் ஹார்ஸ் தங்கத்தை அமெரிக்காவின் விட்மரோடும் வளையத் தங்கத்தை ஜப்பானின் குஷிகெனோடும் பங்குபோட்டுக்கொண்டார் என்பதை அன்று உன்னிடம் நான் விழுங்கிவிட்டேன். சோவியத் அணி வராததால் கிடைத்த பதக்கம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முந்தின ஆண்டுதான் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அதே சோவியத் அணியைச் சீன ஆண்கள் அணி முந்தியிருந்தது. அது அவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

பள்ளி வேப்பமரத்தில் நான் கட்டியிருந்த வளையத்தில் நீ தொங்கிய நினைவு இருக்கிறதா? மற்ற கருவிகள் எல்லாம் அசையாமல் நிற்கும். நாம்தான் ஆட வேண்டும். வளையத்தில் பிடிமானமே ஆடும், நாம் அசையாமல் நிற்க வேண்டும். ஏறக்குறைய ஒன்பதடி உயரத்தில் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து உடம்பை நிறுத்தி, இரண்டு விநாடி கல்லாக இருக்க வேண்டும். கயிறு ஊஞ்சலாடினால் நடுவர் மதிப்பெண்ணை வெட்டுவார். நீ நாலு எண்ணுவதற்குள் கை நடுங்கிச் சாக்குமெத்தையில் பொத்தென்று விழுவாய். அந்த வளையத்தில் லி நிங் புதிதாகச் செய்து காட்டிய அசைவுகளுக்குச் சர்வதேச விதிப் புத்தகத்திலேயே அவர் பெயர்தான்.

அப்படிப்பட்டவர் 1988இல் சியோல் ஒலிம்பிக்குக்குப் போனார். வயது 25. இந்த விளையாட்டில் அது கிழட்டு வயது. உடம்பெல்லாம் பழைய காயம். தம் பெயர் தாங்கிய அதே வளையத்தில் ஆடும்போது கால் போய் வளையத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்து வால்ட்டில் ஓடிவந்து எழும்பித் தாண்டியவர், கால் ஊன்ற முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். சிரித்தார்.

விழுந்ததைக்கூட ஊர் மன்னித்திருக்கும். சிரித்ததை மன்னிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் 15 தங்கம் வாங்கிய நாடு சியோலில் ஐந்தோடு திரும்பியது. அந்த ஆத்திரத்தைக் கொட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. சீன மொழியில் 'இளவரசன்' என்ற சொல்லும் 'அழிந்துபோன பிள்ளை' என்று பொருள்படும் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரே ஓர் எழுத்தை மாற்றி அவருக்கு அப்படியே பட்டம் கட்டினார்கள். உறைக்குள் கயிறு வைத்து, தூக்குப் போட்டுக்கொள் என்று கடிதம் வந்ததாகப் பின்னாளில் பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு ஓய்வு பெற்றார்.

நான் அப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் செய்தித்தாளைச் சுற்றி உட்கார்ந்து நாங்களும் தீர்ப்புச் சொன்னோம். "விழுந்துவிட்டு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ரோஷம் இல்லாதவன்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆகவேதான் அந்தப் பாதியை உனக்குச் சொல்லவில்லை. பையன் மனதில் பதக்கம் மட்டும் பதியட்டும் என்று நினைத்தேன்.

பிளஸ் டூ படிக்கும்போது மண்டல இறுதிப் போட்டி. மூன்றாவது செட்டில் 19-21. கடைசி ஷட்டில் வலையில் பட்டு உன் பக்கமே விழுந்தது. நீ குனிந்து அதை எடுத்து, இறகைச் சரிசெய்து, எதிராளிப் பையனிடம் கொடுத்துச் சிரித்துக் கைகுலுக்கினாய். நான் பெஞ்சில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், அணிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது கேட்க, "தோற்றுவிட்டுப் பல்லைக் காட்டுகிறாயே, வெட்கமாக இல்லை?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஊர் வரும்வரை திரும்பவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதமோ என்னவோ ஆடினாய். பிறகு பரீட்சை என்றாய். ராக்கெட் பரணுக்கு எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

புதன்கிழமை ராத்திரி, மாடி வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அந்த சியோல் காட்சியைச் செல்போனில் தேடித் தரச் சொன்னேன். அன்று பேப்பரில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். ரோஷம் கெட்ட சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை, தம்பி. கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று யாராவது காதில் வந்து சொன்னதும் பெண்ணைப் பெற்றவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அதுதான். உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் சங்கடப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக வரும் சிரிப்பு. உள்ளே இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் பதறக் கூடாது என்று சிரித்திருக்கிறாய். நான் எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு லி நிங் ஜியான்லிபாவ் என்ற குளிர்பானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், 1990இல் தம் பெயரில் விளையாட்டு உடை விற்கத் தொடங்கியதும், 1992 பார்சிலோனாவில் சீன அணி பதக்க மேடையில் அந்த உடையை அணிந்து நின்றதும் உலகம் அறிந்த கதை. விழுந்தவன் எழுந்தான் பார் என்று உனக்குப் பாடம் நடத்த இதையெல்லாம் சொல்லவில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் கம்பெனி தொடங்கிவிடுவதில்லை. அந்தக் கம்பெனியும் 2012 தொடங்கி மூன்று வருஷம் பெரும் நஷ்டத்தில் ஓடி, அவரே திரும்பிவந்து உட்கார வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கடைசி ஜோதியை அவர் கையில்தான் கொடுத்தார்கள். 45 வயது மனிதரைக் கம்பியில் கட்டி மேலே தூக்கி, அரங்கத்தின் கூரை விளிம்பைச் சுற்றி அந்தரத்தில் ஓடவிட்டார்கள். கயிற்றை உறையில் வைத்து அனுப்பியவர்களும் அன்று வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்.

அன்று நான் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். கடைசி நாள் எது? எத்தனை மாதச் சம்பளம் தருகிறார்கள்? வீட்டு வாடகைக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்திருக்கிறாய்? என் வைப்புத்தொகை ஒன்று தை மாதம் முதிர்கிறது. அதை உன் தங்கைக்கென்று வைத்திருக்கவில்லை, சும்மாதான் கிடக்கிறது. இங்கே வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றாலும் வா. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

ராக்கெட்டுக்குப் புதுப் பட்டை நானே சுற்றிவிட்டேன். கொஞ்சம் தடித்துவிட்டது, பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடு. நரம்பு கட்டக் கடையில் கொடுத்தேன். எத்தனை பவுண்டு இழுவையில் கட்ட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா