பல்லும் பாலும் ஒன்றல்ல: ஆவண மார்க்அப் மொழி வடிவமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வணக்கம். வெறும் எழுத்தில் குறிகளை இட்டு ஆவணத்தின் அமைப்பைச் சொல்வது உங்கள் மார்க்அப் மொழி. அதில் ஓர் இடத்துக்கு இணைப்பு கொடுக்க உதவும் பெயரான ஆங்கரைப் பகுதித் தலைப்பின் எழுத்துகளிலிருந்தே தானாக ஆக்கிக்கொள்ளும் முறை அடுத்த பதிப்பிலும் தொடரும் என்று உங்கள் வரைவில் கண்டோம். அதனால்தான் இம்மடல்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கறவைமாடு வளர்க்கும் தமிழர்களுக்காக உங்கள் மொழியில் ஒரு கையேடு எழுதிவருகிறோம். மாடு வாங்கும்போது கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களை வைத்து வயதை மதிப்பிடுவது ‘பல் பார்த்தல்’ என்ற பகுதி. கறக்கும் முன் முதல் பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு மடிநோய் உண்டா என்று அறிவது ‘பால் பார்த்தல்’. எழுத்தும் எண்ணும் அல்லாதவற்றைக் களைவதாக எண்ணிக்கொண்டு உங்கள் கருவி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் களைந்துவிடுவதால், இரண்டு தலைப்புகளுமே ‘பல-பரததல’ ஆகிவிடுகின்றன. முந்தி வருவதற்கு அந்தப் பெயர். பிந்தி வருவதற்கு அதே பெயரின் வாலில் ஓர் ஒன்று. கறவைப் பகுதியை நாங்கள் முன்னே நகர்த்திய அன்று பெயர்கள் கைமாறின. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு கையால் மாட்டின் வாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செல்பேசியில் ‘பல் பார்த்தல்’ இணைப்பைத் தட்டியவரை எங்கள் கையேடு கிண்ணம் எடுத்துவரச் சொன்னது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். கட்டணமின்றி நீங்கள் தரும் கருவியைக் குறைசொல்ல எங்களுக்கும் கூச்சம்தான். ஆனால் பழுதே பல்லில் அல்லவா இருக்கிறது?

நாங்கள் கேட்பது இதுதான்: எழுதுகிறவர் ஓர் இடத்துக்கு இடும் பெயரே அதன் ஆங்கராக இருக்கட்டும், தலைப்பைத் திருத்தினாலும் பகுதியை நகர்த்தினாலும் அது மாறாதிருக்கட்டும். ஆவணங்களை அச்சுக்கோக்கும் லாட்டெக்கில், எழுதுகிறவர் ஓர் இடத்துக்கு இடும் பெயரான லேபிள் தலைப்பைச் சாராமல்தான் நிற்கிறது. ரோமன் எழுத்தில் பெயரிட்டுக்கொள்ளலாமே என்று முன்பு பதில் எழுதியிருந்தீர்கள். ஐடி, அதாவது பக்கத்தில் ஓர் இடத்தின் அடையாளப் பெயர், ரோமன் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லின் 4.01 பதிப்பு 1999இல் விதித்தது உண்மை. எச்டிஎம்எல் 5 அதைக் கைவிட்டு, இடைவெளி மட்டும் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. இணையமே விட்டுவிட்ட விதியை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? மலையாளப் பதிப்பைத் தயாரிக்கும் நண்பர்களுக்கும் இதே கதிதான்.

ஒரே பெயர் இரண்டு இடங்களில் வந்தாலோ, சுட்டப்பட்ட ஆங்கர் இல்லாமற்போனாலோ, கருவி அங்கேயே நின்று சொல்லிவிட வேண்டும்.

கையேட்டின் வேறொரு பகுதியைப் பார்க்கச் சொல்லும் குறுக்குச் சுட்டின் சொற்களையும் நீங்களே நிரப்புகிறீர்கள். ‘காண்க பகுதி 4 இல்’ என்று எழுதும் தமிழரை எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் நாங்கள் கண்டதில்லை. எண்ணை மட்டும் தாருங்கள். ‘4ஆம் பகுதியில்’ என்றோ ‘4ஆம் பகுதியை’ என்றோ வேற்றுமையை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

சொற்கள் சற்றுக் கடுமையாகிவிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். வரைவு முடிவாகும் முன், எழுதியவர் இட்ட பெயரை இட்டபடியே வைக்குமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சோதித்துப் பார்க்க அந்த இரண்டு தலைப்புகளே போதும்.

இப்படிக்கு,
கையேட்டின் தொகுப்பாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை