மலைப் பாதைக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து மலைக்குக் கிளம்புவோர் நம் ஊர்களில் பெருகிவருகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அவர்களுக்கென்று நாளிதழ்களில் வரும் வழிக்குறிப்புகள் தூரம் இவ்வளவு, கொண்டை ஊசி வளைவு இத்தனை என்பதோடு நின்றுவிடுகின்றன. சைக்கிள்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏற்றத்தை.

சேலம் – ஏற்காடு சாலையையே பாருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 30 கி.மீ. தூரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வகுத்தால் சராசரி ஏற்றம் 4 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வரும். ஆனால் அடிவாரம் வரை சாலை லேசாகத்தான் ஏறுகிறது. மிச்ச உயரம் முழுவதும் அதற்குப் பிறகு வரும் சுமார் 20 கி.மீ.க்குள் அடங்கிவிடுவதால் மலைச்சாலையின் சராசரி 5 சதவீதத்தைத் தாண்டுகிறது. மொத்தச் சராசரியை நம்பிப் போகிறவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

வளைவுகளின் எண்ணிக்கையும் ஏமாற்றும். ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. எழுபது என்றதும் பலர் மிரண்டுபோகிறார்கள். சரிவைக் குறைப்பதற்காகத்தான் சாலையை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். வளைவு குறைந்த குறுக்குச் சாலை பல நேரம் அதைவிடச் செங்குத்தாக இருக்கும். கொல்லிமலையில் எழுபது வளைவின் சோதனை இறங்கும்போதுதான்.

புதிய வழியைத் தேடுகிறவர்களுக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் நல்ல துணை. அதில் 1 கி.மீ. என்பது 2 செ.மீ. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். சாலையின் மீது ஒரு நூலை வைத்து 2 செ.மீ.க்கு எத்தனை கோடுகளைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் 4 சதவீதம், யாரும் ஏறலாம். நான்கு என்றால் 8 சதவீதம், சரியான கியர் இல்லாமல் முடியாது. ஐந்தும் ஆறும் தொடர்ந்து வந்தால் முதல் முறை போகிறவர்கள் வேறு வழி பார்ப்பது நல்லது. கைபேசிச் செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது சின்னச் சின்னப் பிழைகளையும் கூட்டிக்கொண்டே போகும்.

கியர் விஷயத்தில் விலையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். முன்பக்கம் 39 பல், பின்பக்கம் 25 பல் கொண்ட விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 13 கி.மீ.க்கு மேல். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகம் பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சாதாரண கியர் சைக்கிளில் முன் 24 பல், பின் 28 பல் கிடைக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே ஓடுவதால் மூச்சு வாங்காமல் ஏறலாம். ரோடு சைக்கிள்தான் வேண்டும் என்றால் முன் 34, பின் 32 அல்லது 34 இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிக்கொண்டே செயினைப் பின்பக்கத்தின் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏற மறுத்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் போனால், கியர் மாற்றி எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லை ஸ்க்ரூ சரியில்லை. இதைத் திருத்தாமல் மலைக்குப் போகவே கூடாது. முழு பலத்தோடு மிதிக்கும்போது செயின் உள்ளே விழுந்தால் ஸ்போக்ஸும் உடையும், கியர் மாற்றியும் முறுக்கிக்கொள்ளும்.

நம் சாலையில் இடப்பக்கம் போவதால், ஏறும்போது இடப்பக்க வளைவில் உள்விளிம்பில் இருப்போம். வளைவின் செங்குத்தான பகுதி அதுதான். ஆகவே வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போய் மாற்றினால் செயின் கடகடவென்று அடித்து நழுவும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. ஆனாலும் பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். பேருந்தின் முன்பக்கம் அகலமாகச் சுற்றிப் போனாலும் பின்சக்கரம் உள்பக்கத்தை ஒட்டித்தான் வரும். அந்த இடைவெளியில் சைக்கிள் இருக்கக் கூடாது.

இறக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், டியூபில் காற்றழுத்தம் ஏறும், ஒட்டுப் போட்ட டியூபில் பசை இளகிப் பிரியும். இறக்கத்தில் முன்டயர் வெடித்தால் சமாளிப்பது கடினம். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வளைவுக்குள் திடீர் பிரேக் கூடாது. பிரேக் கட்டையின் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுங்கள். அதில் பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துணுக்கையும் ஊசியால் நெம்பி எடுங்கள், ரிம்மை அறுப்பவை அவைதான். லீவரை இறுக்கிப் பிடித்தால் கைப்பிடிக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். நடுவில் ஓரிரு இடத்தில் நின்று ரிம் ஆறியதும் தொடருங்கள்.

ஏறும்போது நனைந்த சட்டை, இறங்கும்போது உடலை நடுங்க வைத்துவிடும். காற்று புகாத மெல்லிய மேலாடை ஒன்று போதும். அது இல்லாவிட்டால் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் மார்பில் வைத்துக்கொள்ளலாம். மாற்று டியூப் இரண்டு, டயர் லீவர், பம்ப், கடலை மிட்டாய், மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் ஆகியவை கூடவே இருக்க வேண்டும்.

முதல் மலையாக ஏலகிரியைச் சொல்வோம். ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினால் பொன்னேரி அடிவாரம் பக்கம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மேலே ஏற ஏறச் சமவெளி முழுவதும் கீழே விரியும். அடுத்து ஏற்காடு. மேலே போனவர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல் 32 கி.மீ. சுற்றுச்சாலையையும் ஓட்ட வேண்டும். காப்பித் தோட்டமும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியுமாக ஏறி இறங்கும் அந்தச் சாலையில்தான் சேர்வராயன் மலையின் முழு அழகு இருக்கிறது. கொல்லிமலை மூன்றாவதாக இருக்கட்டும். பண்ணாரியிலிருந்து 27 வளைவு ஏறும் திம்பம் சாலை சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம். அது புலிகள் காப்பகம், யானைகள் நடமாடும் காடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பிடித்துக்கொண்டால் மண்சரிவு ஏற்படும், எந்த மலையானாலும் தள்ளிப்போடுங்கள்.

வழிக்குறிப்பு வெளியிடும்போது அடிவார உயரம், உச்சி உயரம், மலைச்சாலையின் நீளம், கடைசியாகத் தண்ணீர் கிடைக்கும் இடம் ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நெடுஞ்சாலைத் துறையிடமும் ஒரு வேண்டுகோள். வளைவுகளில் எண் எழுதிய பலகை ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே அந்த இடத்தின் உயரத்தையும் எழுதலாம். மழைக்குப் பின் வளைவின் உள்விளிம்பில் சேரும் ஜல்லியையும் மணலையும் உடனே கூட்டி அள்ள வேண்டும். நான்கு சக்கர வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது, சைக்கிளை அப்படியே சாய்த்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்கள்,
சேலம்.